பழுதே இல்லாத நிலையம்

எங்கள் நகராட்சியில் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும் பம்ப் நிலையங்கள் ஏழு. ஏழாவதை இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவரை ‘டாக்டர்’ என்போம். பம்ப் லேசாக இருமினால்கூட அவர் காதுக்கு எட்டிவிடும். அங்கிருந்த இரண்டு பம்புகளில் ஒன்றின் உறுப்புகளைக் கழற்றி மற்றதற்குப் பொருத்துவார். அரை மணிக்குள் ஓடவைத்துவிடுவார். அரை மணிக்கு மேல் நின்றால்தான் பழுது என்று எழுத வேண்டும். அதனால் அவருடைய பதிவேட்டில் பழுதுக் கட்டம் எப்போதும் காலி.

நிலையத்தை அடுத்த பள்ளத்தெருவில் அவர் மகள் சொந்த வீட்டில் இருந்தாள். பம்ப் நின்றால் கழிவுநீர் முதலில் மேலேறுவது அவள் குளியலறையில்தான்.

மூன்று நிலையங்களுக்குப் புதிய பம்ப் வாங்க நிதி வந்தது. ஐந்தாண்டுகளில் அதிக நேரம் பழுதான நிலையங்களுக்கே தர வேண்டும் என்பது உத்தரவு. பட்டியலை எழுதிய நகராட்சிக் குமாஸ்தா நான். ஏழாம் நிலையம் பூஜ்யத்தோடு கடைசியில் நின்றது.

டாக்டர் பொறியாளரிடம் வந்தார்.

“சார், தண்ணியைத் தள்ளுற சக்கரமே அரிச்சுப்போச்சு. இன்னொரு மழை தாங்காது.”

“பழுதே இல்லைன்னு எழுதினது நீங்கதானே?”

“அரை மணிக்குள்ள சரி பண்ணிட்டேன் சார்.”

“மூணாம் நிலையத்துக்காரர் பம்ப் நின்னாலும் பீடி பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கிடைக்கப்போகுது. நீங்க இருக்கும்போது புது பம்ப் எதுக்குய்யா?” என்று பொறியாளர் சிரித்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: “அண்ணே, பட்டியல்ல மூணாவதா இருக்கிற நிலையத்துக்கே பழுது பத்தொன்பது மணி நேரம்தான். பட்டியல் வெள்ளிக்கிழமைதான் போகுது. நாளைக்கு ஒரு நாள் நிறுத்திப் போடுங்க.”

“நிறுத்தினா எம் பொண்ணு வீட்டுக்குள்ளதானே வரும், தம்பி?”

பட்டியல் போய்விட்டது. பதினோராவது வாரம் மழையில் சக்கரம் உடைந்தது. மாற்றுச் சக்கரம் வந்து பம்ப் ஓட நாற்பத்தொரு மணி நேரமாயிற்று. பதினெட்டு வீடுகளில் கழிவுநீர் புகுந்தது.

மகள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. டாக்டர் வாளியும் துடைப்பமுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரே உன்னைக் கெட்டிக்காரன்னு சொல்லுது. ஒரே ஒரு நாள் கெட்டுப்போக விட்டிருந்தா என்னப்பா?” என்றாள் மகள்.

அடுத்த மாதம் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போனாள்.

அதன் பிறகு பம்ப் நின்றால் டாக்டர் உடனே கை வைப்பதில்லை. கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். முப்பத்தொன்றாவது நிமிடம் பழுது என்று எழுதிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். மூன்றாண்டுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். அவர் ஓய்வுபெறும்வரை அடுத்த நிதி வரவில்லை.