கரைக்கு அளவெடுத்த டெய்லர்

டெய்லர் சவரிமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏரிக்கரை உடைந்துவிடும் என்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தவருக்கு "உடைப்பு" என்று பட்டப்பெயர் வைத்தவன் நான். அன்று காலை பக்கத்துக் குடிசைப் பாக்கியம், "அண்ணே, நம்ம ஒடப்பு போயிட்டாரு!" என்று கத்தினாள். என் காதில் "ஒடப்பு" என்பது மட்டும்தான் விழுந்தது. கரை போய்விட்டது என்று நினைத்து, கைக்கு அகப்பட்ட ஆட்டோடு தெருமுனைவரை ஓடிவிட்டேன். என் மனைவி அஞ்சலை பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்தாள்.

"யோவ், கரை ஒடையல. டெய்லரு செத்துட்டாரு. அது சரி, ஆட்டத் தூக்கினு ஓடினியே, என்ன யாருகிட்ட வுட்டுட்டுப் போன?"

ஆட்டை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தெரிந்த ஏரிக்கரைக்காரர்களான உங்களுக்கு, இரண்டாம் வகுப்புப் படித்த நான் என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறேன்? நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊரை விட்டு வந்த நாம், குடிசை போட இடம் பார்த்தது ஏரிக்கரைக்கு அடியில். சுவருக்கு மண் வேண்டுமென்றால் கரையை வெட்டினோம். வண்டி ஏற வழி வேண்டுமென்றாலும் அதையே வெட்டினோம். வேண்டாம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

காக்கிச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனால், டேப்பை நம் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நழுவ முடியாது.

"கரைக்கு அடியில கால வெச்சுப் பாரு. ஈரம் ஊறுது. தெளிவா ஊறினா பாத்துக்கலாம். கலங்கலா ஊறினா உள்ளுக்குள்ள மண்ணு கரைஞ்சினு இருக்குதுன்னு அர்த்தம்."

"அந்தக் கரைக்கும் ஒரு சட்ட தச்சுப் போட்டுடுங்களேன், டெய்லரே" என்றேன் ஒரு நாள். அவர் சிரிக்கவில்லை.

"ஒன் சட்ட கிழிஞ்சா ஒனக்கு வெக்கம். கரை கிழிஞ்சா வெக்கப்பட நீ இருக்கமாட்ட."

ஒருமுறை அலைந்து திரிந்து ஓர் ஓவர்சியரை ஜீப்பில் கூட்டிவந்துவிட்டார். அந்த மனிதர் இறங்கி, கரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒடஞ்சா ஒடனே ஆள் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி நான் ஒரு மாதம் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

போன கார்த்திகை மழையில் நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். சாயங்காலம் கரையடியில் கலங்கல் தண்ணீர் கொப்பளித்தது. டெய்லர் குடிசை குடிசையாக ஓடி, "மேட்டுக்கு ஏறுங்க! மேட்டுக்கு ஏறுங்க!" என்று கத்தினார். எல்லோரும் ஏறினோம், சட்டி பானையோடு, கோழியோடு. கடைசி வீட்டையும் கிளப்பிவிட்டுத் திரும்பியவர் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் ஏறி நின்றது அந்தக் கரைமேல்.

"அடப்பாவிங்களா! ஒடையப் போறதே அதுதானே!"

"நீதானப்பா மேட்டுக்கு ஏறச் சொன்ன? இங்க வேற மேடு ஏது?" என்றாள் பாக்கியத்தின் மாமியார்.

அன்று கரை எப்படியோ நின்றது. அதன் பிறகு அவர் வாயில் "மேடு" என்ற சொல்லே வரவில்லை. சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் குவித்திருக்கிறார்களே, தூரத்தில், அதற்கு "மண்மலை" என்று பெயர் வைத்தார். "ஒடைஞ்சா எங்க ஓடுவ?" என்று கேட்பார். "மண்மலைக்கு" என்று சொன்னால்தான் கழுத்திலிருந்து டேப் இறங்கும்.

காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும் வழியிலேயே பார்த்தேன், கரையோரம் ஒரு வண்டி நிற்கிறது. ஓட்டி வந்தவன் எனக்கு மருமகன் முறை. மண்வெட்டி கரையில் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்பா, கரையிலயா வெட்டற?"

"திட்டறதுக்குத்தான் டெய்லரு இல்லியே, மாமா."

இனி யார் சொல்வது, சொன்னால் யார் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. கரையடியில் கால் வைத்தால் புதைகிறது. போக வேறு இடமும் இல்லை. பயந்தவர்களாவது பிழைப்பார்கள் என்று அவர் நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், "மண்மலை" என்ற அந்த ஒரு சொல்லும்தான்.

நேற்று மழை பிடித்ததும் மனது கேட்கவில்லை. அவருடைய குரல் எனக்கு இல்லையே என்று, வீட்டிலிருந்த மேல்பக்கம் வெட்டியெடுத்த கிரசின் டின்னைத் தட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வீட்டில் "மண்மலைக்கு ஓடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், உள்ளே போய் ஓர் ஆழாக்கு அரிசி கொண்டுவந்து அதில் போட்டார். செத்தவர் வீட்டுக்காக வீடு வீடாக அரிசி தண்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்த வீட்டிலும் போட்டார்கள். பாக்கியம் இரண்டு ஆழாக்கு போட்டாள். அதற்குப் பிறகு தட்டினால் டின்னில் சத்தம் வரவில்லை. அரிசி நனையாமல் துண்டால் மூடி, டெய்லர் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.