நாலு தரம் கொடுத்த பால்

எங்கள் கிளினிக்கில் துணியால் தைத்த ஒரு மார்பு இருந்தது. உள்ளே பஞ்சு அடைத்து, நடுவில் மண்ணிறத் துணியில் காம்பு வைத்திருந்தார்கள். குடும்பநல மாதுவை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு கையில் அதையும் மறு கையில் ஒரு ரப்பர் பொம்மையையும் பிடித்துக்கொண்டு, பிள்ளையை எப்படி மார்போடு சேர்ப்பது என்று காட்டுவார். பெண்கள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். முன் வரிசை வாங்கில் இருந்து கேள்விமேல் கேள்வி கேட்பேன்.

அதற்குக் காரணம் இருந்தது. மூத்தவன் பிறந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. காம்பு வெடித்து, காய்ச்சலும் வந்து, இருபத்திமூன்றாம் நாள் பால் மாத் தகரப் பேணியை உடைத்தேன். அதற்குப் பிறகு அவனுக்கு வந்த ஒவ்வொரு வயிற்றோட்டத்துக்கும் என் கணவரின் தாயான மாமி அந்தப் பேணியைத்தான் குற்றம் சொன்னார். வாய் பேணியைச் சொன்னாலும் கண் என் மேல்தான் இருக்கும். ஆகவே இரண்டாவது பிள்ளைக்கு ஒரு கரண்டி மா கூடக் கொடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். பிள்ளை வாயை ஆவென்று திறக்கும்வரை பொறுக்க வேண்டும். காம்பு மட்டுமல்ல, கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும். பிள்ளைக்குப் பசி இருக்க வேண்டும், ஆனால் வீரிட்டு அழும்வரை விடக் கூடாது. விழுங்குகிற சத்தம் காதில் கேட்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். மிஸ் பரீட்சை வைத்திருந்தால் நான்தான் முதலாம் பிள்ளை.

பின் வாங்கில் என் கணவரின் தங்கை இருப்பாள். அவளுக்கு அது தலைப்பிள்ளை. எனக்குப் பிறகு இரண்டு கிழமை கழித்துப் பேற்றுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அந்தத் துணி மார்பைக் கண்டாலே தலையைக் குனிந்துகொள்வாள். "மதினி, நீங்க நல்லாக் கேட்டு வச்சிக்கோங்க. புறகு எனக்குச் சொல்லித் தந்தாப் போதும். எனக்கு அதைப் பார்க்க வெக்கமா இருக்கு" என்பாள். த்ரீவீலரில் திரும்பி வரும் வழி முழுக்க நான் அவளைக் கேலி செய்துகொண்டே வருவேன்.

அவளும் மாமியும் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த எங்கள் பெற்றோர் முகாமில் கிடந்து, பிறகு கரைத்தீவுப் பக்கம் வாங்கிய சின்னச் சின்னக் காணித்துண்டுகள் அவை. நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி மட்டும்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் சுகம் விசாரிப்பார்கள்.

கடைசிக் கிழமையில் ஒரு நாள் என் பிள்ளை அசையவில்லை. கொடி கழுத்தைச் சுற்றிவிட்டது என்றார்கள். யாரையாவது குறை சொல்ல முடியுமா என்று பார்த்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மனம் கொஞ்சம் இலேசாகியிருக்கும். ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. என் கணவர் அவனை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோனார். நான் பிள்ளைக்கென்று கட்டிவைத்த பையை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பால் வந்தது.

இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை கேள்வி கேட்ட நானும் இதைக் கேட்கவில்லை. பிள்ளை இல்லையென்று எனக்குத் தெரியும், என் உடம்புக்குத் தெரியவில்லை. மார்பு கல்லாகி, அக்குள்வரை வலித்து, சட்டை தொப்பலாக நனைந்தது. அன்றைக்குப் பார்த்து ஆலங்குடாவிலிருந்து பால் சுறா வந்தது. முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்யும் என் கணவர், பிள்ளைப்பேற்றுக்கு வேண்டுமென்று ஒரு மீன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பால் சுரக்க அதைவிட நல்ல கறி இல்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாவம், அந்த மனிதருக்கு நடந்தது தெரியாது. "மகனா மகளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பேறு பார்க்க வந்திருந்த என் உம்மா மீனை வாங்கிக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதார். பிறகு அதை வேலிக்கு மேலால் மாமியிடம் கொடுத்துவிட்டார். வீணாக்கக் கூடாது, அந்தப் பிள்ளைக்காவது உதவட்டும் என்றார்.

மிஸ் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பிறகு வழி சொன்னார். ஈரத் துணி வைக்க வேண்டும், மார்பை இறுக்கமாகத் தாங்கும் உடுப்புப் போட வேண்டும், வலி தாங்காவிட்டால் மட்டும் கொஞ்சம் பிழிய வேண்டும். "கூடப் பிழிஞ்சா கூடச் சுரக்கும். கொஞ்ச நாள்ல தானா வத்திரும்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

ஆனால் அப்படிச் செய்யவில்லை. குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல், ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் பிழிந்தேன். கோப்பையில் சேரும். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊற்றிவிடுவேன். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் வந்து போனதற்கு என்னிடம் வேறு அடையாளமே இல்லை. அது வற்றிப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதினோராம் நாள் கணவரின் தங்கைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அழுகை. பிள்ளை அழுவாள், தாய் அழுவாள், மாமி இரண்டு பேரையும் ஏசுவார். அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்ததும் என் மார்பில் பால் இறங்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு இருப்பேன். பொத்தினாலும் இறங்கும்.

பிள்ளைக்கு நிறை குறைந்துவிட்டது. உடம்பில் மஞ்சள் தெரிந்தது. மிஸ் வந்து நிறுத்துப் பார்த்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மார்பில் போடச் சொல்லி, தானே பிடித்தும் காட்டிவிட்டு, "நாளைக்குப் பகல் லுஹருக்குப் புறகு திரும்ப வந்து நிறுப்பன். நிறை கூடல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும்" என்று சொல்லிப் போயிருந்தார். இதை மாமிதான் வந்து சொன்னார். என் பிள்ளையை அடக்கிய பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தரம். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தார்.

"மகள், உங்களுக்கு இன்னும் பால் நிக்கல்லதானே."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கிடுகு வேலிதானே.

"நீங்க குடுத்தா அந்தப் புள்ள பொழைச்சிக்கும். மா குடுத்து உங்கட மகன் பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "ஆனா நாலு தரம் மட்டும். அஞ்சாவது வேணாம். பள்ளி மௌலவிட்ட கேட்டுட்டுத்தான் வாறன்."

எங்கள் மார்க்கத்தில், ஒருத்தி இன்னொருத்தியின் பச்சைப் பிள்ளைக்கு ஐந்து தரம் பால் கொடுத்தால் அவள் அந்தப் பிள்ளைக்குத் தாய். பெற்ற தாயைப் போலவே தாய். அவளுடைய பிள்ளைகளும் அந்தப் பிள்ளையும் உடன்பிறப்பு. ஒருவரை ஒருவர் கல்யாணம் முடிக்க முடியாது. ஐந்துக்குக் குறைந்தால் அந்த உறவு வராது. கோப்பையில் பிழிந்து கொடுத்தாலும் அதுவும் ஒரு தரம்தான் என்பதையும் மாமி கேட்டு வைத்திருந்தார். அவருடைய யோசனை என்னவென்றால், என் மகனுக்கு அந்தப் பிள்ளை முறைப்பெண். இருவரும் முடித்தால் நடு வேலியை எடுத்துவிடலாம், இரண்டு துண்டும் ஒரே வளவாகிவிடும். முகாமில் பாய் விரிக்க இடமில்லாமல் கிடந்தவருக்குக் காணி பெரிய விஷயம்தான். ஆனால் என் மகனுக்கு வயது மூன்று. கால் கழுவ ஆள் வேண்டும். அவனுக்குப் பெண் பார்த்து, பாலுக்கு எல்லையும் போட்டாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் என்னிடம் கேட்டது பாலை மட்டும்தான். உனக்கு முடியுமா, தாங்குவாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி மாமி" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனேன்.

முதல் தரம் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினேன். ஒன்றுமே இல்லாத பாரம். வாயைத் திறக்கும்வரை பொறுத்து, சேர்த்துப் பிடித்தேன். அப்படியே கவ்விக்கொண்டாள். கிளினிக்கில் சொன்ன அந்தச் சத்தம், தொண்டைக்குள் இறங்குகிற சத்தம், எனக்குக் கேட்டது. மூத்தவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அழுதேன். கட்டிலில் கிடந்த தாயும் அழுதாள். மாமி கதவடியில் நின்று, "ஒண்டு" என்றார்.

பின்னேரம் இரண்டாவது தரம். அந்தி மஃரிபுக்குப் பிறகு மூன்று. மறுநாள் விடிய சுபஹ் தொழுகை முடிந்து நாலு. ஒவ்வொரு தரமும் மாமி பக்கத்திலேயே இருந்தார். இடையில், என் கணவரின் தங்கையின் மார்பில் பிழிந்து கிடைத்த சொட்டுகளைக் கரண்டியால் ஊட்டினோம். ஒவ்வொரு தரமும் முதலில் பிள்ளையை அவளிடம்தான் போட்டேன். தலையணையை வயிற்று வெட்டில் படாமல் வைத்து, பிள்ளையைக் கக்கத்துக்குள் இடுக்கிப் பிடிக்கக் காட்டினேன். "வெக்கப்படாம அப்பவே பார்த்திருக்கலாம்" என்று கடிந்தேன். பிள்ளை இரண்டு இழுவை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவள் வலியில் பல்லைக் கடிப்பாள். பிறகு எனக்கு வரும். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவளிடம் சரிவராமல் போனபோதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

லுஹருக்குப் பாங்கு சொன்னது. மாமி தொழப் போனார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். பிள்ளை விழித்துக் கையைச் சப்பத் தொடங்கினாள். கணவரின் தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"மதினி, எனக்கு ஏலாது. நீங்களே குடுங்க. நான் உம்மாட்ட சொல்ல மாட்டன். எனக்கு இந்தக் கல்யாணக் கதை, காணிக் கதை ஒண்டும் வேணாம். புள்ள உசிரோட இருந்தாப் போதும்."

பிள்ளை என் கையில் இருந்தாள். என் விரல் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டது. நான் கழற்றினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இன்னும் ஒரே ஒரு தரம். கொடுத்தால் இவள் என் மகள். மாமியும் மௌலவியும் சேர்ந்தாலும் அதை மாற்ற முடியாது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாவிட்டாலும் அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டும். அந்தக் கிழமைகளில் வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்படவில்லை. பிள்ளை என் வாசனைக்குத் திரும்பி வாயைத் திறந்தாள்.

ஆவென்று, அகலமாக. நாலு தரப் பாலில் வந்த தெம்பு. பசியும் இருந்தது, வீரிட்டு அழவும் இல்லை. கிளினிக்கில் மிஸ் சொன்ன அதே பதம். இந்த நேரத்தில் தாயிடம் போட்டால் பிடிப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது நான் கொடுத்தால் வயிறு நிறைந்து தூங்கிவிடுவாள். அடுத்த பசிக்கும் என்னைத்தான் தேடுவாள். தாய் இனிப் பிள்ளை பக்கம் திரும்ப மாட்டாள். அவள் மார்பும் வற்றிவிடும். தெரியாமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். படித்த படிப்புதான் என் கையைப் பிடித்தது.

"திரும்புங்க புள்ள" என்று அதட்டினேன். அவள் திரும்பவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பினேன். தலையணையை வைத்து, பிள்ளையைக் கக்கத்துக்குள் கொடுத்து, அவள் மார்பை நானே அமுக்கிப் பிடித்து, வாய் மூடுவதற்குள் சேர்த்துவிட்டேன். அவள் "உம்மா" என்று கத்தினாள். "பொறுங்க, பொறுங்க, எண்ணுங்க" என்றேன். ஆறு எண்ணுவதற்குள் வலி தணிந்துவிட்டது. பிள்ளை இழுத்தாள். ஒரு தரம், இரண்டு தரம், பிறகு தொண்டையில் அந்தச் சத்தம். அவள் வியர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மதினி, குடிக்கிறா."

"ஓம்" என்றேன். என் பால் வயிற்றுவரை வழிந்துகொண்டிருந்தது.

மாமி தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பேத்தி பால் குடிப்பதை அவர் பார்க்கவில்லை. என் நனைந்த சட்டையையும் திறந்துகிடந்த பொத்தானையும்தான் பார்த்தார்.

"மகள், அஞ்சாவது குடுத்திட்டீங்களா?"

"இல்ல மாமி. நாலுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

மிஸ் வந்து நிறுத்தபோது நிறை கூடியிருந்தது. அவர் தாயை மெச்சினார். என் பால் ஒரு கிழமையில் வற்றிவிட்டது. இந்தமுறை நான் பிழியவில்லை. பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. நான் தியாகம் செய்தேன் என்று என் கணவரின் தங்கை இன்றைக்கும் ஆட்களிடம் சொல்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை. கை பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டது, மனம் இன்றுவரை கொடுக்கவில்லை.

பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் முற்றத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் என்னைத் தாண்டி, உம்மா என்று கத்திக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடுவாள். ஐந்து தரம் கொடுத்தவளுக்கு மார்க்கத்தில் தாய் என்று பெயர் இருக்கிறது. நாலு தரம் கொடுத்தவளுக்குப் பெயர் இல்லை. அவள் என்னை மாமி என்று கூப்பிடுகிறாள்.