இரண்டு பத்துக்கு ஏறிய எண்

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருஷமாக நர்ஸ் வேலை. பார்க்காத சாவு இல்லை. போனவர் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து என்னிடம் தண்ணீர் கேட்டதில்லை. ஆனாலும் இது நடந்தது. பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது.

நான்காம் கட்டிலில் ஒரு தையல்காரர். ஞாயிறு மாலை வந்தவர், மூச்சு இயந்திரத்தில் இருந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கொட்டி, அப்போதுதான் நின்றிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது, போனால் ஆள் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயின் நுனியில் ஒரு சின்னக் கருவி. இரைப்பைச் சுவரில் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்று பக்கத்துத் திரையில் எண்ணாகக் காட்டும். உடம்பு தத்தளித்தால் முதலில் வயிற்றுக்குப் போகும் இரத்தம்தான் குறையும், எண் இறங்கும். சாப்பாடு உள்ளே போனால் எண் ஏறும். வெறும் வயிற்றில் ஏறாது.

திங்கட்கிழமை மத்தியானம் 2:10. முப்பதில் இருந்த எண் எழுபதுக்கு ஏறியது.

எனக்கு உடனே தையல்காரரின் தம்பி மேல்தான் சந்தேகம். இரண்டு மணிக்குப் பார்க்க வருவான். கையில் ஒரு துணிப்பை. திருட்டு முழி.

"பையில என்ன?"

"அண்ணனோட சட்டைங்க, சிஸ்டர்."

மூச்சு இயந்திரத்தில் கிடப்பவருக்கு எதற்குச் சட்டை? நான் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன்.

செவ்வாய் 2:10. மறுபடியும் எழுபது. குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தேன். மஞ்சளாக ஏதோ வந்தது. இளஞ்சூடு. அவித்த முட்டை வாசனை. நடுவே கருப்பாக இரண்டு மிளகுத் துகள்கள்...

"உங்க அண்ணனை நீங்களே கொன்னுடுவீங்க போல."

"சத்தியமா நான் தொடவே இல்லீங்க."

அழுதான். நான் நம்பவில்லை. டாக்டர் என்னையும் நம்பவில்லை.

"நாளைக்கும் இப்படி நடந்தா அவரும் இருக்கமாட்டாரு, நீங்களும் இங்க இருக்கமாட்டீங்க."

புதன்கிழமை யாரையும் உள்ளே விடவில்லை. கதவைப் பூட்டினேன். குழாயின் வாயை மடித்துக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

2:08. இயந்திரம் மூச்சு விட்டது. புஸ்... புஸ்...

2:09. ஒன்றும் இல்லை.

2:10. நாற்பது... ஐம்பத்தாறு... எழுபது...

என் கைக்குள் குழாய் சூடானது.

அறையில் யாரும் இல்லை.

வயிற்றுக்குள் ஒரு சத்தம். க்ளக். யாரோ விழுங்குவது போல...

2:12. குழாயில் மெல்லிய சிவப்புக் கோடு. இரத்தம்.

தலை தூக்கித் திரையைப் பார்த்தேன். மேலே இருந்த பெயர் தையல்காரருடையது இல்லை.

அதே கட்டிலில் ஞாயிறு காலை இறந்துபோன லாரி ஓட்டுநரின் பெயர்.

தப்பு என்னுடையதுதான். புது ஆள் வந்ததும் திரையில் பழைய ஆளின் பதிவை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். அவசரத்தில் மறந்திருக்கிறேன். மூன்று நாளாக எல்லா எண்ணும் செத்தவர் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது.

பழைய பதிவை மூடும் பொத்தானை அழுத்தினேன். 2:13.

எண் முப்பதுக்கு இறங்கியது. குழாய் குளிர்ந்தது. சிவப்பும் நின்றது.

அதற்குப் பிறகு எண் ஏறவே இல்லை. தையல்காரர் பிழைத்துக்கொண்டார். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். பையில் சட்டைதான் இருந்தது. கண் திறந்ததும் அண்ணன் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்த திங்கட்கிழமை ஓட்டுநரின் மனைவி வந்தாள், அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கிப் போக. கையெழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அவர் இங்க இருந்தப்போ நீங்க குழாயில சாப்பாடு ஊத்தினது ரெண்டு பத்துக்குத்தானே? அவர் போனப்புறம் வீட்டுலயும் அதே நேரத்துக்கு அவர் படத்துக்கு முன்னால தட்டு வச்சேங்க. முட்டை, மிளகு தூவி. அவருக்கு அதான் பிடிக்கும்."

கடிகாரத்தைப் பைக்குள் வைத்தாள்.

"திங்கள், செவ்வாய் தட்டு காலியா இருந்துச்சு. புதன்கிழமை பாதியிலயே நின்னுபோச்சு. அப்புறம் தொடவே இல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிஸ்டர்... நீங்களா நிறுத்தினீங்க?"