ஓடுதளம் கேட்ட வீடு

எங்கள் நகரத்து விமான நிலையத்தைப் பெரிதாக்க வேண்டுமா வேண்டாமா என்று ஊரில் பேசியதைவிட துபாயில்தான் அதிகம் பேசினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஓடுதளம் குட்டை, பெரிய விமானம் இறங்காது. ஊருக்குப் போகிறவன் பம்பாயில் இறங்கி, கஸ்டம்ஸ்காரன் பெட்டியைக் குடைந்து முடிக்கிறவரை கைகட்டி நின்று, அப்புறம் ரயிலில் இடிபட்டுக்கொண்டு வீடு சேர வேண்டும். ஓடுதளத்தை நீட்டிவிட்டால் காலையில் இங்கே ஏறி சாயங்காலம் வீட்டில் காப்பி குடிக்கலாம் என்றார்கள். துபாய் அல் குசைஸில் எந்தத் தொழிலாளர் கேம்ப்புக்குப் போனாலும் இதே பேச்சு. எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது, எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர்கள் நீட்டப்போகிற பக்கத்தில்தான் எங்கள் வீடு இருந்தது.

நான் ஏ.சி. மெக்கானிக். கோடைக்காலத்தில் அடுத்தவன் அறை குளிர வேண்டும் என்பதற்காக மொட்டை மாடிகளில் வெந்தவன். அந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. இன்னும் வெள்ளைகூட அடிக்கவில்லை. மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருந்தோம். அதில் நான் இருந்தது மொத்தமே இரண்டு லீவுதான். ஆனால் வீடு எனக்காகக் கட்டியதில்லை, அப்பாவுக்காகக் கட்டியது.

அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் காதில் விழுந்துவிடும் என்று எங்களை அடிக்கும்போதுகூட வாயைத் திறக்காமல் அடிப்பார். சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி அம்மாவைக் கூப்பிடுவார். "எதுக்கு இப்பிடிக் கத்துறீங்க?" என்று அம்மா கேட்டால், "என் வீட்டுல நான் கத்துறேன், எவன் கேக்கறது?" என்பார். அந்தக் குரலை அவரிடமிருந்து யாரும் பிடுங்கிவிடக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

கேம்ப்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த பாய்தான் எங்கள் பக்கத்து ஆட்களைத் திரட்டினார். கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர், ஆனால் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். அவர் கடை ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணினால் நான்தான் பார்ப்பேன், அவர் டீ போட்டுக் கொடுப்பார். அரிசி வாங்க வந்தவன், போன் கார்டு வாங்க வந்தவன் ஒருவனையும் விடாமல் விமான நிலைய மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என்னிடமும் பேனாவை நீட்டினார்.

"போடு மாப்ள. நம்ம ஊருக்கு நேரா பிளேன்."

"எங்க வீட்டு மேல இறங்குற பிளேனுக்கு நானே கையெழுத்துப் போடணுமா பாய்?"

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு டீயும் கொடுத்தார். ஆனால் நான் வெளியே வந்ததும் அடுத்தவனிடம் பேனாவை நீட்டினார், கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அதே மாதத்தில் ஊரில் அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறார். நடந்ததை மனைவி எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னாள். அப்பா எழுந்து, "இந்த வயசுல மறுபடி வாடகை வீட்டுக்குப் போக முடியாதுங்க" என்றாராம். மேடையிலிருந்த அதிகாரி, மரியாதையாகத்தான், "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பெருமையாக, "துபாய்ல இருக்கான்" என்றிருக்கிறார். "அப்புறம் என்ன பெரியவரே, உங்க பையன் வந்து போகத்தான இந்த ஏர்போர்ட்டே" என்றாராம் அவர். மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கப்புறம் மாமா யாருகிட்டயும் பேசலங்க" என்றாள் மனைவி. நான் துபாயில் இருப்பதையே எடுத்து அப்பாவின் வாயை அடைத்துவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பிறகு ஊரிலிருந்து எம்.பி. ஒருவர் துபாய் வந்தார். வளைகுடாத் தமிழர்களின் கருத்தைக் கேட்க வந்தாராம். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம், முடிவில் பிரியாணி. ஒவ்வொருவராக எழுந்து ஓடுதளத்துக்கு ஆதரவாகப் பேசினார்கள். ஒருவர் பம்பாய் போர்ட்டர் அடித்த கொள்ளையைச் சொன்னார். ஒருவர் மனைவியின் பிரசவத்துக்குப் போய்ச் சேராததைச் சொன்னார். எதுவும் பொய்யில்லை. எம்.பி. தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நாலு வீடு போனாத்தான் நாலு ஊரு பொழைக்கும்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

நான் எழுந்தேன். "அந்த நாலு வீட்டுல ஒண்ணு எங்க வீடுங்க. எங்கப்பா அதுல உக்காந்துருக்காரு."

"நஷ்டஈடு குடுப்பாங்கல்ல, வாங்கிக்கிட்டுப் போவியா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"உன் வீட்டக் குடேன்டா! உங்கப்பனத் தெருவுல வச்சிட்டு வந்து இங்க கை தட்டு, பாப்போம்!"

ரெண்டு பேர் என் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். யாரோ "கலாஸ், கலாஸ், போதும், சாப்பிட வாங்க" என்றார்கள். தட்டுகள் வந்தன. கருத்துக் கேட்பு அத்தோடு முடிந்தது. நான் சாப்பிடாமல் வெயிலில் இறங்கி நடந்தேன்.

பாய் பின்னாலேயே ஓடி வந்தார். மூச்சிரைக்க என் கையைப் பிடித்தார்.

"மாப்ள, எங்க வாப்பா மௌத்தான சேதி வந்தப்ப நான் கடையிலதான் நின்னேன். அன்னிக்கே ஏறினேன். பம்பாயில ரயிலு கெடைக்கல. எங்கள்ல மையத்த வச்சுக் காத்திருக்க மாட்டாங்க, ஒனக்கே தெரியும். நான் போறப்ப கபுர்ல மண்ணு காஞ்சு கெடந்துச்சு. மொகத்தப் பாக்கலடா நான்." தெருவில் நின்று அழுதார், அவ்வளவு பெரிய மனுஷன்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஒங்க வாப்பா மண்ணுக்குள்ள போயிட்டாரு பாய். எங்கப்பா இன்னும் அந்த வீட்டுக்குள்ள இருக்காரு. அவர எதுக்கு இப்பவே வெளிய தூக்கிப் போடுறீங்க?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். சொன்னது கொடூரம்தான். ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கொஞ்ச காலம் அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருந்தேன். பிறகு அவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று ஆள் அனுப்பினார், போனேன். விமான நிலையம் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இடிக்கிற அன்றைக்கு நான் ஷார்ஜாவில் ஒரு மாடியில் கம்ப்ரஸர் மாற்றிக்கொண்டிருந்தேன். நஷ்டஈடு இழுத்தடித்து வந்தது. வந்ததை வைத்து அந்தப் பக்கத்தில் ஒரு மனைகூட வாங்க முடியவில்லை, விமான நிலையம் வருகிறதென்று நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. ஊருக்குள் ஒரு மாடி போர்ஷனுக்குக் குடி போனார்கள். கீழே ஹவுஸ் ஓனர். அப்பா மறுபடியும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். போனில்கூட, "சத்தமா பேசுங்கப்பா, கேக்கல" என்று நான்தான் கத்துவேன். "கீழ ஆளு இருக்காங்கடா" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நேர் விமானம் விட்டார்கள். கேம்ப்பில் லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் ஒரு விடியலில் ஆபீஸுக்குப் போன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, பெரியாஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. மேனேஜர் நல்ல மனுஷன், பாஸ்போர்ட்டை உடனே எடுத்துக் கொடுத்தார். பாய்தான் தன் வண்டியில் ஏர்போர்ட்டில் கொண்டுவந்து விட்டார். டிக்கெட்டுக்கும் அவர்தான் அலைந்தார். இறங்கும்போது, "போ மாப்ள. நீ பாத்துருவ" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. மனசாரத்தான் சொன்னார்.

மத்தியானமே இறங்கிவிட்டேன். சக்கரம் தரையைத் தொட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே மச்சினன் ஆட்டோவோடு நின்றான். ஆட்டோ எங்கள் தெருவுக்குத் திரும்பாமல் நேராகப் போனது.

"வீடு இந்தப் பக்கமில்ல?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஹவுஸ் ஓனரு உள்ள கொண்டாரக் கூடாதுன்னுட்டாருங்க மாமா. பொணம் கெடந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் குடி வரமாட்டாங்களாம். கால்லகூட விழுந்து பாத்துட்டோம்."

மூடிக் கிடந்த ரேஷன் கடைக்கு முன்னால், ரோட்டோரம் ஒரு சாமியானா போட்டிருந்தார்கள். அதன் கீழே வாடகை பெஞ்சில் அப்பா. பஸ் போகிறபோதெல்லாம் சாமியானா ஆடியது. அம்மா தரையில் தார் சூட்டில் உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். குளிப்பாட்ட மறைப்பு இல்லை. நாலு பெண்கள் சேலையைப் பிரித்துச் சுற்றிப் பிடித்தார்கள். பக்கத்துத் தெருக் குழாயிலிருந்து நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அது ரோட்டில் வழிந்து சாக்கடையில் இறங்கியது. அப்பாவின் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். பெருங்குரலெடுத்து அழுதேன். ரோடுதானே, யாரும் சத்தம் போடாதே என்று சொல்லவில்லை.

கொள்ளி வைத்துவிட்டு ஆண்கள் எல்லாரும் திரும்பி வந்தோம். காட்டுக்குப் போய் வந்தவர்கள் செத்தவர் கிடந்த இடத்தில் எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போவார்கள், எங்கள் வழக்கம் அது. சாமியானாக்காரன் துணியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டான், பெஞ்சும் போய்விட்டது. ஈரம் காய்ந்த ரோட்டில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில் விளக்கு, கையில் எண்ணெய்ப் பாட்டில். சொந்தக்காரர்கள் ஈரத்துண்டோடு சுற்றி நின்றார்கள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத எங்கடா ஏத்தி வைக்கறது?"