பதின்மூன்றும் பதினெட்டும்

ஓரின் ட்வெய்ட் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவர். மொன்டானாவில் எங்கள் சின்ன ஊருக்கு மூன்றே பேருந்துகள். மூன்றும் அவர் சொன்னபடி கேட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. நான் குடிபோன வருடத்து செப்டம்பரில்தான் அவர் ஒரு எல்க் மானைத் தொலைத்தார்.

தொலைத்தார் என்றுதான் அங்கே சொல்வார்கள். அம்பு குறி தவறினால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்பு பட்டு, மிருகம் கைக்குக் கிடைக்காமல் போனால் அதற்குப் பெயர் தொலைத்தது. சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள்.

அவரிடம் இரண்டு வகை அலுமினிய அம்புகள் இருந்தன. தண்டில் எண் போட்டிருக்கும்: ஒன்றில் 2013, இன்னொன்றில் 2018. முதல் இரண்டு இலக்கம் தண்டின் பருமன். கடைசி இரண்டு குழாய்ச் சுவரின் கனம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பதின்மூன்று மெல்லிசு, நேராக, வேகமாகப் பறக்கும். அந்தக் கோடையில் ரப்பர் மிருகங்களை எய்யும் போட்டியில் அதை வைத்துத்தான் ஓரின் முதலாவதாக வந்தார். பார்த்த இடத்தில் போய் நிற்கிறதே, எதற்கு மாற்றுவது என்று அதையே மலைக்கும் எடுத்துப் போனார். கனத்த, எலும்பையும் துளைத்துப் போகக்கூடிய பதினெட்டு கொட்டகையில் கிடந்தது.

அன்று இருபது கஜத்துக்குள்தான் மான் நின்றது. அம்பு தோள் எலும்பில் பட்டு நான்கு விரல் ஆழம் போய் நின்றுவிட்டது. ஓடும்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டு மரங்களில் தட்டித் தட்டிப் போன சத்தம் கேட்டதாம். முந்நூறு அடிவரை ரத்தம் சொட்டியிருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மனைவி மார்லிஸும் அவரும் நான்கு நாள் தேடினார்கள்.

ஐந்தாம் நாள் காலை அவர், வருடத்துக்கு ஒரு மான் என்று அரசு தரும் வேட்டைச் சீட்டை எடுத்து, மானை அடித்தவர்கள் செய்வதுபோல, அதிலிருந்த தேதியைக் கத்தியால் வெட்டினார். அதோடு அந்த வருட வேட்டை முடிந்தது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை.

"யோவ், கறியே இல்லாம சீட்ட வெட்டின ஒரே ஆளு நீதான்யா. மார்லிஸ் அந்தச் சீட்டத்தான் வறுத்துப் போடப்போறாளா?" என்றார் நண்பர் லைல்.

"நான் ஒண்ணக் கொன்னுட்டேன். கணக்கு முடிஞ்சுது," என்றார் ஓரின்.

முடியவில்லை. பேருந்துக் கொட்டகையில் யாராவது வெற்றுக் குழாயைக் கீழே போட்டால், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு வெளியே போய் நிற்பார். மே மாதம் பனி உருகினதும் மலைக்குப் போய் எலும்பு தேடுவார். தோள்பட்டை எலும்பு எது கிடைத்தாலும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அவர் எதைக் கண்டுபிடிக்க விரும்புகிறார், எதைக் கண்டுபிடிக்க விரும்பவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

நான்கு வருடம் வில்லைத் தொடவில்லை. ஐந்தாம் வருடம் மார்லிஸ் தானே போய் அவர் பெயரில் சீட்டு வாங்கி வந்தார்.

"ஒண்ணு வில்ல எடு, இல்ல அடுப்புல போடு. சுவத்துல அதுவும் தொங்குது, வீட்டுல நீயும் தொங்குற."

அந்த ஆகஸ்ட் முழுக்க அவர்கள் சாப்பாட்டு மேசையில் அம்புகள். தோட்டா மருந்து நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தார். தண்டை விரல் நகத்தின்மேல் சுழற்றி, கோணல் அதிர்வு தெரிந்தவற்றை ஒதுக்கினார். இந்த முறை எடுத்தது பதினெட்டை. அதன் கனத்த தண்டு விறைப்பானது. அவருடைய ஐம்பது பவுண்டு வில்லுக்கு அது போதிய அளவு வளைந்து கொடுக்கவில்லை. நேராகப் பறக்கிறதா என்று பார்க்க மரச்சட்டத்தில் காகிதம் கட்டி எய்தால் ஓட்டை பக்கவாட்டில் கிழிந்தது. முனையில் எடை கூட்டினார். மறுபடி எய்தார். இன்னும் கூட்டினார். ஒன்பதாம் நாள் ஓட்டை வட்டமாக விழுந்தது.

லைல் ஓர் அம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அடேயப்பா! இதத் தூக்கிப் போட்டாலே மான் செத்துடும், வில்லு வேற எதுக்கு? முப்பது கஜம் தாண்டினா புல்லுல போய்ப் படுத்துக்கும்யா."

"முப்பதுக்கு விடமாட்டேன்."

"அன்னிக்கு எத்தன கஜம்?"

லைல் கேட்டது விளையாட்டாகத்தான். மார்லிஸ் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், உறைபனி விழுந்த காலை. மார்லிஸ் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்து பெண்மான் குரலில் கூப்பிட்டார். கொம்பன் ஒன்று பதில் குரல் கொடுத்துக்கொண்டே இறங்கி வந்து, ஓரினுக்குப் பதினான்கு கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலை எடுத்து வைத்தது. அவர் வில்லை இழுத்துப் பிடித்தபடியே நின்றதைப் பின்னாலிருந்து பார்த்ததாக மார்லிஸ் சொன்னார். விடமாட்டார் என்றே நினைத்தாராம்.

விட்டார். அம்பு விலாவுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளியேறி மண்ணில் குத்தி நின்றது. மானுக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை. நாலைந்து எட்டு நடந்தது, என்னவோ கடித்ததுபோலத் திரும்பிப் பார்த்தது, கால்கள் மடிந்தன.

மார்லிஸ் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். ஓரின் மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கத்தி இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது.

"என்ன ஓரின், வெயில் ஏறுது. கறி கெட்டுடும்."

"எண்ணினேன். பதினொண்ணு எண்றதுக்குள்ள விழுந்துடுச்சு."

"நல்லபடியாத்தானே போச்சு? அதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"இவ்ளோ லேசா முடியும்னு எனக்குத் தெரியாது, மார்லிஸ். வேட்டைன்னா சிலது அப்படித்தான் போகும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அம்பு மட்டும் வேறயா இருந்திருந்தா அன்னிக்கு அந்த மானுக்கும் பதினொண்ணுதான்." மானின் கழுத்தில் கை வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. "தெரியாத வரைக்கும் ஒரு சாக்கு இருந்துச்சு."

மார்லிஸ் ஓரினின் இடுப்பிலிருந்த கத்தியைத் தானே உருவினார்.

"பின்னங்கால தூக்கிப் பிடி," என்றார்.

பிடித்தார்.