காக்கிக் கோட்டு போன கல்யாணம்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நான் பஸ் ஓட்டிய காலத்தில், விபத்து ஏன் நடக்கிறது என்று கேட்டால் பிரேக், டயர், டிரைவரின் குடி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் வண்டி கவிழ்ந்ததற்குக் காரணம் வெள்ளை வேட்டி.

சிரிக்காதீர்கள். வேலூருக்குப் போகும் உப்புத்தோலை, அதாவது உப்புப் போட்ட ஈரமான மாட்டுத்தோலை, பஸ் முதலாளி கூரைமேல் ஏற்றிவிடுவார். பாதை இடப்பக்கம் சரிவு. உப்புத்தண்ணீர் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் சொட்டும். வேட்டி கறையாகுமே என்று அத்தனை பேரும் வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொள்வார்கள். ஒருநாள் இடது வளைவில் திரும்பினேன். வண்டி வலதுபுறம் சாய்ந்து, கரும்புக் கொல்லையில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் விசாரிக்க வந்த மோட்டார் இன்ஸ்பெக்டர், "இன்னொரு தரம் சாஞ்சா லைசென்ஸை மறந்துடு" என்றார். வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. நிஜமாகவே பயந்துபோனேன்.

தோல் ஏற்ற மாட்டேன் என்றால் முதலாளி வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வார். மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த நடையில், வண்டி கிளம்புமுன், தோல் கம்பெனி ஆட்களாகப் பார்த்து இடப்பக்கம் உட்காரச் சொன்னேன்.

"உங்களுக்கெல்லாம் பழக்கம்தானேப்பா."

ஒருவன் எழுந்தான். புதுச் சட்டை, படிய வாரிய தலை.

"வேலூர்ல இன்னிக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம். தோல்ல வேலை செஞ்சா தோல் தண்ணியிலதான் உக்காரணுமா? இன்னா நெனச்சிக்கினு பேசற நீ?"

வெட்கமாகப் போய்விட்டது. தப்புதான் என்று சொன்னேன்.

அவன் கோபம் தணியாமலே கீழே இறங்கிக் கூரையை அண்ணாந்து பார்த்தான். "எவன்யா இப்டி மடிச்சான்? மயிர்ப்பக்கம் வெளிய இருக்கணும். அடியில சாக்கு போட்டு நடுவுல கட்டுனா இன்னாத்துக்கு ஒழுவுது?" என்றபடி ஏறியேவிட்டான். நானும் ஏறினேன். எல்லாவற்றையும் பிரித்து, மடித்துக் கட்டினோம். சொட்டுவது நின்றது. ஜனங்கள் இரண்டு பக்கமும் பரவி உட்கார்ந்தார்கள். அவன் சட்டை மட்டும் பாழ். என் காக்கிக் கோட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம்.

அவனைக் கல்யாண வீட்டு வாசலில் இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தால், இன்ஸ்பெக்டர் நிற்கிறார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நேராகத்தான் நின்றது. பிறகு பனியனோடு இருந்த என்னைப் பார்த்தார்.

"கோட்டு எங்கய்யா?"

"கல்யாணத்துக்குப் போயிருக்கு சார்."

"யார் கல்யாணம்?"

"எங்க தங்கச்சிக்கு சார்" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப இங்க இன்னா பண்றே? போய்யா!"

போனேன். பந்தியில் எனக்கு அவனே இலை போட்டான்.