மிஸ் ஆக்னஸின் பித்தளைத் தகடு

நண்பர்களே, கோபத்தில் குழப்பி எழுதிவிடுவேனோ என்று பயம். அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. ஸ்காட்லாந்தில் ஒரு கிறிஸ்தவ மடாலயக் கோயிலில் அன்று நான் பார்த்த குழி.
2. எங்கள் கோயில் கமிட்டி மிஸ் ஆக்னஸின் பெயரை அழித்தது.
3. அந்த இடத்தில் நன்கொடையாளர் பெயர்களைப் போட்டது.

முழங்காலில் கல்லின் குளிர் ஏறியது... மேற்படிப்புக்கு ஸ்காட்லாந்து போயிருந்த வருடம். கோயில் தரையில், ஓர் ஆள் படுத்திருப்பது போன்ற வடிவத்தில் ஒரு குழி. அங்கே புதைக்கப்பட்டவரின் உருவத்தைப் பித்தளையில் வெட்டி அதில் பதித்திருந்தார்களாம். சமயச் சண்டையில் யாரோ பெயர்த்து உருக்கிவிட்டார்கள். யார் அவர் என்று இனி யாருக்கும் தெரியாது. முன்பின் அறியாத அந்த மனிதருக்காக எனக்கு ஆத்திரம் வந்தது.

தாம்பரத்தில் எங்கள் கோயில் சுவரிலும் பெயர் பொறித்த ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அந்த நாட்டிலிருந்து வந்து, இங்கே காலராவில் இறந்த நர்ஸ் மிஸ் ஆக்னஸுடையது. என் அம்மா பிறந்தது அவர் கையில்தான். அவர் கல்லறை சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. மிஞ்சியது தகடு மட்டும்.

போன மாதம் அதுவும் இல்லை! அங்கே கறுப்பு கிரானைட். தங்க எழுத்தில் நன்கொடை தந்தவர்கள் பெயர்கள்.

கமிட்டி செயலாளரிடம் கேட்டேன்.

"அது வெறும் தகடு அங்கிள், ஒரு எழுத்துகூட இல்ல. ரெனவேஷனுக்குக் குடுத்தவங்க பேரை எங்க போடுறது, சொல்லுங்க?"

எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். வாயில் வந்ததோ, "சரி தம்பி."

பிறகு, கோயிலைத் திறந்து பூட்டும் மாணிக்கத்திடம் போனேன்.

"இன்னா சார், கயட்டி எத்தினி நாளாச்சு, இப்ப வந்து கேக்குற? ஜெனரேட்டர் பின்னாடி கீது, வா."

ஜன்னல் வெளிச்சத்தில் தகட்டைச் சாய்த்துப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். சுரண்டிய கீறல் ஒன்றுகூட இல்லை. வழவழவென்று என் முகம்தான் தெரிந்தது.

"டெய்சியம்மா சனிக்கெயம தவறாம புளி போட்டுத் தேச்சா எயுத்து எப்டி சார் நிக்கும்? போதும்மா, போதும்மான்னு கத்திக்கினே இருப்பேன். நர்ஸம்மா பளிச்சுனு இருக்கணும்டான்னு திட்டும்."

டெய்சி என் மனைவி. கல்யாணமான வருடத்திலிருந்து, படுக்கையில் விழும்வரை தேய்த்தாள். இப்போது அவளும் இல்லை.

மூன்றாவது கருத்தில் மாற்றமில்லை. அந்தக் கிரானைட்டைக் கழற்றச் சொல்லிக் கமிட்டியிடம் பேசத்தான் போகிறேன், குரல் நடுங்கினாலும். முன்பெல்லாம் அந்தச் சுவரில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

இரண்டாவது கருத்து தவறு. பெயரை அழித்தது கமிட்டி இல்லை.